குடும்பத்தில் யாருக்காவது

புதிதாகப் பதித்த நாலு தரை ஓடுகள் மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தன. என் வீட்டுக்காரர் அவற்றைச் சுற்றிக்கொண்டு சுவரோரமாகவே வந்து இந்த பெஞ்சில் உட்கார்ந்தார், பின்னால் வந்த நானும் சுற்றிக்கொண்டுதான் வந்தேன், முன்னெல்லாம் ஏன் என்று கேட்பேன், இப்போது கால் தானாகவே வளைகிறது. ராணுவ ஆஸ்பத்திரியில் எல்லாமே துடைத்து வைத்தது போலிருக்கிறது, பூந்தொட்டிக்குக்கூடக் காவி அடித்து வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறவர்கள்கூட வரிசையாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லாருக்கும் தலை நரைத்தும் முதுகு மட்டும் நேராக. இவர் முதுகும் நேராகத்தான் இருக்கிறது. வீட்டில் கட்டிலிலிருந்து எழுப்ப நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும், இங்கே வந்ததும் எங்கிருந்துதான் வருமோ அந்த விறைப்பு, அப்படியே சிப்பாய் முனிரத்தினம். இப்படி உட்கார்ந்தால் உள்ளே இருக்கிற டாக்டர்கள் நோய் என்று எப்படி நம்புவார்கள். கொஞ்சம் சாய்ந்து உட்காருங்கள் என்றேன், காதில் விழாதது போல இருக்கிறார். அந்தக் கதவுக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள். இவருக்கு வந்த நோய் பட்டாளத்து வேலையால் வந்ததா, இல்லை இவர் ரத்தத்திலேயே ஊறிக் கிடந்ததா என்று இன்றைக்கு எழுதப்போகிறார்கள். வேலையால் வந்தது என்று எழுதினால் ஊனமுற்றவர் பென்ஷன் உண்டு, அதோடு வைத்தியத்துக்கு அட்டை உண்டு, அட்டை வந்தால் இவருக்கு மட்டுமில்லை, எனக்கும் உண்டு, எங்கள் மகள் சங்கவிக்கும் உண்டு. சங்கவிக்கு உண்டு. அதை நினைக்கக் கூடாது என்று காட்பாடியில் ரயில் ஏறும்போதே முடிவு பண்ணிக்கொண்டு வந்தேன், அரக்கோணம் தாண்டவில்லை, அதற்குள் நினைத்துவிட்டேன். இப்போது அவள் எழுந்திருப்பாளா, ஃபோன் போடலாமா, வேண்டாம், பகலிலாவது கண்ணயரட்டும்.

யாரோ ஒருவர் உள்ளே போகிறார், செருப்பு தேய்கிறது, கதவு மூடிக்கொள்கிறது. இவருக்கு உள்ளே போனதும் முதலில் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும், எப்படி இருக்கிறாய் என்பார்கள், இவர் டீக் ஹை சாப், நன்றாக இருக்கிறேன் ஐயா என்பார். எத்தனை தடவை சொல்லிக் கூட்டி வந்தாலும் அதுதான் வரும், செத்துக் கிடக்கும்போது கேட்டாலும் டீக் ஹை சாப் என்றுதான் சொல்வார். அங்கே பழக்கிய பழக்கம். காய்ச்சல் என்றால் சரி, தலைக்குள் ஏதோ ஓடுகிறது என்று சொன்னால் உடல்தகுதித் தரத்தை இறக்கிவிடுவார்களாம், தரம் இறங்கினால் பதவி உயர்வு போச்சு, அதனால் ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டானாம். இவரும் திறக்கவில்லை. காஷ்மீரில் இவருக்கு என்ன வேலை என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது, ரோடு பார்க்கிற வேலை என்பார், மேஸ்திரி வேலையா என்று கேலி பண்ணியிருக்கிறேன். பனி விலகுவதற்குள் ஒரு கூட்டமாக ரோட்டோரமே நடந்து போவார்களாம், குண்டு புதைத்து மண் கிளறியிருக்கிறதா, கம்பி ஏதாவது எட்டிப் பார்க்கிறதா என்று பார்த்துக்கொண்டே. பார்த்து முடித்துக் கையைக் காட்டினால்தான் பின்னாலிருந்து லாரிகள் கிளம்பும். தினம் தினம் அதே ரோடு. ஒரு நாள் இவர் நடந்து பார்த்துக் கையைக் காட்டிய இடத்தில்தான் லாரி வெடித்தது. இதையும் இவர் சொல்லவில்லை, வக்கீல் ஆபீசில் காகிதத்தைப் படித்துச் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது, விசாரித்து இவர்மேல் தப்பில்லை என்று எழுதிவிட்டார்களாம், அவர்கள் எழுதினால் ஆயிற்றா. அன்றைக்கு வக்கீல் வீட்டுப் பெண் கொண்டுவந்து வைத்த காபியில் ஆடை படிந்துகொண்டே இருந்தது, நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் கூடப் படுத்த மனுஷனைப் பற்றி ஒரு காகிதம் எனக்குச் சொல்கிறது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது, என்னிடம் சொன்னால் என்ன குறைந்துவிடும். அதற்குப் பிறகும் இவர் அதே ரோட்டில் நடந்திருக்கிறார், தினம் டீக் ஹை சொல்லியிருக்கிறார், பிறகு ஒரு நாள் கையைக் காட்டவே மாட்டேன் என்று ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். லாரிகள் நின்றது நின்றபடி. அங்கிருந்துதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் கேட்டார்களே அந்தக் கேள்வி, குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா என்று, அங்கேதான் எல்லாம் கெட்டது. எனக்கு நெஞ்சு எரிவதே அங்கேதான். வடக்கத்தி டாக்டர், நல்ல மாதிரியாகத்தான் கேட்டாராம், வீட்டில் யாராவது தன்னை மறந்து பேசுவார்களா, ஆடுவார்களா, அழுவார்களா. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வர வேண்டியதுதானே. என் வீட்டுக்காரருக்குக் கேட்டதற்கு மேல் பதில் சொல்லித்தான் பழக்கம், அதுவும் அம்மாவைப் பற்றி என்றால் கேட்கவே வேண்டாம். எங்கம்மாமேல் கங்கையம்மா வருவாள் சாப் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார், ஆடும்போது நாலு பேர் பிடித்தாலும் நிற்காது, யார் யார் வீட்டில் என்ன குறை என்று அவளே சொல்வாள், எதுவும் அப்புறம் அவளுக்கு ஞாபகம் இருக்காது என்று அரைகுறை ஹிந்தியில் அழகாக விளக்கியிருக்கிறார். ஊரே விழுந்து கும்பிடுகிற விஷயத்தைச் சொல்கிறோம் என்று இவர் நினைப்பு. அந்த டாக்டர் எழுதிக்கொண்டார், தாய்க்கு மனநோய் என்று. அவ்வளவுதான், பிறவியிலேயே உள்ள கோளாறு, சேவைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சேவையால் அதிகமாகவும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். பத்து வருஷம் முடிய சில மாதம் இருக்கும்போது பெட்டியைக் கொடுத்து ரயில் ஏற்றிவிட்டார்கள், அந்தப் பத்து முடிந்திருந்தாலாவது ஏதோ ஒன்று கிடைத்திருக்கும். மாமியார் இப்போது இல்லை, நல்ல வேளை. ஆடியில் கூழ் ஊற்றும் அன்று ஒரே ஒரு நாள்தான் அவள்மேல் சாமி வரும், பம்பைக்காரன் வந்து உட்கார்ந்து அடித்தால்தான் வரும், மற்ற நாளெல்லாம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு என்னை ஏசிக்கொண்டு இருப்பாள். எனக்கென்னவோ சாமிக்கும் மாமியாருக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை, இரண்டு பேரும் என் கூழில் உப்பில்லை என்றுதான் சொன்னார்கள். கற்பூரத்தைக் கொளுத்தி நாக்கில் வைத்ததும் சாமி மலையேறிவிடும், எழுந்து உட்கார்ந்து டீ கேட்பாள். அந்த டீக்காக நான் முன்னாலேயே பால் காய்ச்சி வைத்திருப்பேன். அவளுக்கா மனநோய், அவளைப் போலக் கணக்காகக் குடும்பம் நடத்தினவள் எங்கள் தெருவில் இல்லை.

மேல்முறையீடு என்றார்கள், போட்டோம், டெல்லியிலிருந்து ஒரு வரியில் பதில் வந்தது, நிபுணர்கள் பார்த்து எழுதியதை மாற்றுவதற்கில்லை. அந்த வரியைத் தெருக்கோடி சுபேதார் தமிழ்ப்படுத்திச் சொன்னார், மெதுவாகச் சொல்லத் தெரியாது அவருக்கு, பரேடு மைதானம் என்று நினைப்பு, பரம்பரைக் கோளாறாம் பூங்காவனம் என்று அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது குழாயடி வரை கேட்டது. சங்கவி அப்போது வாசலில் கோலப்பொடி டப்பாவை வைத்துக்கொண்டு நின்றாள், சின்னப் பெண், ஆனாலும் அவளுக்கும் கேட்டிருக்கும். இரண்டாவதும் போட்டோம், அதுவும் அப்படியே. பிறகுதான் இந்த வக்கீல் கிடைத்தார், பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து சட்டம் படித்தவர். அவர் சொன்ன ஒன்று எனக்கு இன்னும் மனசில் இருக்கிறது, சேர்க்கும்போது பல்லைப் பிடித்துப் பார்த்து, நெஞ்சை அளந்து, நோயில்லை என்று எழுதித்தானே சேர்த்தார்கள், அப்புறம் வந்தது என்றால் அங்கே வந்ததாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்றால் அதை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும், அவர்களிடம் இருக்கிற ஒரே நிரூபணம் உங்கள் மாமியார் என்றார். அதனால் அந்தம்மா சும்மா ஆடினாள், நடிப்பு என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், முடிந்தது விஷயம் என்றார். இவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எங்கம்மாவப் பொய்க்காரின்னு எழுதி எனக்கு ஒண்ணும் வாணாம் சார் என்று எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. செத்துப் போனவளுக்கு என்ன வரப்போகிறது, இருக்கிற நாங்கள் அரசாங்க ஆஸ்பத்திரி மாத்திரை வரிசையில் காலையிலிருந்து நிற்கிறோம், ஒரு மாத்திரை இருந்தால் இன்னொன்று இருக்காது, அது தீர்ந்தால் இவர் வாசலில் தோண்டிப் போட்ட குழாய்ப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு ஒருத்தரையும் தாண்ட விடாமல் நிற்பார். ஒரு வரி. பொய் சொல்ல வராத மனுஷனைக் கட்டிக்கொண்டு நான் பட்டது போதாதா என்று திட்டினேன். வக்கீல்தான் சமாளித்து, நடிப்பு என்று எழுதாமல் வழிபாட்டு வழக்கம் என்று எழுதினார், தீர்ப்பாயத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து கேட்டு, மறுபடி மருத்துவக் குழு பார்க்கட்டும் என்று அனுப்பினார்கள். அதுதான் இன்றைக்கு.

அவர் தொண்டையைச் செருமுகிறார். தண்ணி வேணுமா என்றால் தலையை ஆட்டுகிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் காலில் ஏதோ இரும்பு, அவர் பிழைத்தார், கண்ணுக்குத் தெரிகிற நோய். ஆனால் எனக்கு உள்ளூர இருக்கிற பயத்தை இவரிடமும் சொல்லவில்லை, வக்கீலிடமும் சொல்லவில்லை. ரத்தத்தில் இல்லை என்று இவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும், பென்ஷனுக்காக மட்டுமில்லை, எனக்காக எழுதிக் கொடுக்க வேண்டும், படித்த மூன்று பேர் சொன்னால் நானும் நம்பிக்கொள்வேன். சங்கவி ராத்திரி தூங்குவதில்லை. கூழ் ஊற்றின சமயத்திலிருந்து கவனிக்கிறேன், இல்லை, அதற்கு முன்னாலேயே இருக்கலாம். வாசற்கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் படுப்பாள், எழுந்து வந்து இழுத்துப் பார்ப்பாள், படுப்பாள், மறுபடி எழுந்து வருவாள், பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டு விடிகிற வரை உட்கார்ந்திருப்பாள். பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று இவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கிற மனுஷனுக்கு என்ன தெரியும். போன மாதம் பஸ் ஸ்டாப்பில் புதிதாகச் சிமென்ட் பூசின இடத்தைப் பார்த்ததும் நடுரோட்டில் இறங்கிச் சுற்றிப் போனாள், ஆட்டோக்காரன் கெட்ட வார்த்தையில் திட்டினான், நான் அவள் கையைப் பிடித்தேன், அந்தக் கை சில்லென்று இருந்தது. ஏண்டி இப்படி என்றால், அப்பா போக மாட்டாரில்ல, அதான் என்கிறாள். இவள் பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் இவர்தான் முன்னால் நடப்பார், தரையைப் பார்த்துக்கொண்டே, அவர் கையைக் காட்டினால்தான் இவள் அடியெடுத்து வைக்கலாம், ஊரே பார்த்துச் சிரிக்கும், இவள் சிரித்ததில்லை, சமர்த்தாக நின்றுவிட்டு வருவாள். அப்படி வந்ததுதான் இது, கூடவே இருந்து ஒட்டிக்கொண்டது, ரத்தமெல்லாம் இல்லை. வேலையால் வந்தது, ரத்தத்தால் வந்தது என்று இரண்டுதான் இவர்கள் காகிதத்தில் இருக்கிறது, வீட்டால் வந்தது என்று எழுத இடமிருக்கிறதா. இருந்தால் யார் அதற்கு அட்டை கொடுப்பார்கள். அட்டை வந்தால் அவளை நல்ல டாக்டரிடம் காட்டலாம், எங்கள் ஊர்ப் பக்கம் காட்டினால் நாளைக்கே தெருவுக்குத் தெரிந்துவிடும், இங்கே என்றால் யாருக்கும் தெரியாது, இந்த மாதிரி துடைத்து வைத்த இடத்தில் ஒரு நல்ல டாக்டர் இருப்பார், உட்கார வைத்துப் பேசுவார். அதற்காகத்தான், தாயே, அதற்காக மட்டும்தான்.

பெயரைக் கூப்பிடுகிறார்கள். பெயரில்லை, முதலில் ஒரு நம்பர், பிறகு சிப்பாய் முனிரத்தினம். இவர் எழுந்து நின்ற வேகத்தில் பெஞ்சே ஆடுகிறது. நானும் வரலாமாம். உள்ளே மேசைக்குப் பின்னால் நடுவில் நரைத்த மீசைக்காரர், பெரிய டாக்டராக இருக்க வேண்டும், இந்தப் பக்கம் ஒருவர் எழுதிக்கொண்டே இருக்கிறார், அந்தப் பக்கம் ஒரு பெண், சின்ன வயசு, சட்டை கால்சட்டையில் விறைப்பாக இருந்தாலும் முகம் நம் ஊர் முகம். மீசைக்காரர் ஏதோ கேட்கிறார், இவர் டீக் ஹை சாப் என்கிறார், நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெண் தமிழில் உக்காருங்கண்ணே என்கிறாள். என்னையும் உட்காரச் சொல்கிறாள். தூக்கம், மாத்திரை, தரையைப் பார்த்து நடப்பது, எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்கிறாள், இவர் ஒற்றை வார்த்தையில் சொல்கிறார், நான் மிச்சத்தைச் சொல்கிறேன். ரோட்டைப் பற்றிக் கேட்டதும் இவர் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், அவள் அவசரப்படுத்தாமல் காத்திருந்துவிட்டு, சரி, இதுல எல்லாம் இருக்கு என்று காகிதத்தைத் தொடுகிறாள். பிறகு அம்மாவைப் பற்றி.

"அம்மாவுக்குச் சாமி வரும்னு சொல்லியிருக்காங்க. எப்பவுமா, இல்ல கோயில் விசேஷத்துக்கு மட்டுமாம்மா?"

"ஆடி மாசம் கூழ் ஊத்தற அன்னிக்கு மட்டுந்தாங்க மேடம். பம்பை அடிச்சா வரும், கற்பூரம் வெச்சா மலையேறிடும்."

எங்க ஊர் கோயில் கொடையிலயும் எங்க பெரியம்மா ஆடுவாங்க என்று அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு மீசைக்காரர் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொல்கிறாள். அவர் தலையை ஆட்டுகிறார், பழைய காகிதத்தைப் புரட்டுகிறார், எழுதுகிறார். அவ்வளவுதானா. இவ்வளவுதானா. ஒருத்தி பெரியம்மாவும் சாமியாடியிருந்தால் போதுமா, இதற்கா இவ்வளவு வருஷம், இவர் தலைமுடி போனதும் என் இடுப்பு போனதும் தெருக்கோடியில் பரம்பரைக் கோளாறு என்ற அந்தச் சொல் நின்றுவிட்டதும் இதற்கா. எனக்கு மூக்கு அடைக்கிறது, முந்தானையால் துடைத்துக்கொள்கிறேன், சிரிக்கவும் வருகிறது, மாமியார் இருந்தால் இந்தப் பெண்ணுக்கு வேப்பிலை அடித்துத் திருநீறு பூசியிருப்பாள். இந்தப் பெண்ணிடம்தான் சங்கவியைக் கூட்டி வர வேண்டும், இவளைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன், உக்காரும்மா என்று சங்கவியிடமும் இப்படித்தான் சொல்வாள், அவசரப்படுத்த மாட்டாள். இந்த அட்டை மட்டும் கைக்கு வரட்டும், வந்த அன்றைக்கே.

"பிள்ளைங்க எத்தனை பேரும்மா?"

"ஒரே பொண்ணு மேடம்."

"அவங்களுக்கு இந்த மாதிரி எதுவும் இல்லையே? வழக்கமாக் கேக்கறதுதான்."

எழுதுகிறவரின் பேனா நிற்கிறது. இல்லை என்று ஒரு வார்த்தை, நான் எத்தனை தடவை இவரைத் திட்டியிருப்பேன் அந்த ஒரு வார்த்தைக்காக, அது என் நாக்கில் புரள மாட்டேன் என்கிறது. இருக்கிறது என்று சொன்னால் அதோ அந்தக் காகிதத்தில் அப்பாவுக்கும் மகளுக்கும் என்று ஏறிவிடும், மாமியாரிடம் அறுந்த கயிறு மறுபடி சங்கவியிடம் முடிச்சாகிவிடும், ரத்தம்தான் என்று மூன்று பேரும் எழுதிவிடுவார்கள். இல்லை என்று சொன்னால் யாரிடம் சொல்லப் போகிறேன், இவளைப் போல இன்னொருத்தி எனக்கு எங்கே கிடைப்பாள், இப்போது சொல்லாவிட்டால் எப்போது. சொல்லிவிடலாம், இந்தப் பெண்ணுக்குப் புரியும். அந்தப் பேனாவுக்குப் புரியுமா. அவள் என்னையே பார்க்கிறாள். நான் வாயைத் திறக்கிறேன், பக்கத்தில் நாற்காலி தள்ளும் சத்தம் கேட்கிறது, இவர் எழுந்து நிற்கிறார், விறைப்பாக, கை இரண்டும் தொடையோடு ஒட்டியிருக்க, மீசைக்காரரின் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டு.

"இல்ல மேடம். எம் பொண்ணு நல்லா கீது. ராத்திரில நல்லாத் தூங்குது. கதவ ஒரு தபா தாப்பா போட்டா அதோட சரி, மறுக்கா எழுந்து வந்து பாக்கறதில்ல."

நல்லது என்று அவள் சிரிக்கிறாள், எழுதுகிறவர் எழுதுகிறார். தாழ்ப்பாளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தூக்கத்தைப் பற்றிக்கூட யாரும் கேட்கவில்லை. அத்தனை ராத்திரியும் இவர் கண்ணை மூடிக்கொண்டு விழித்துத்தான் கிடந்திருக்கிறார், சங்கவி இந்தப் பக்கம் நடப்பதையும் நான் அந்தப் பக்கம் மூச்சடக்கிக் கேட்பதையும் கேட்டுக்கொண்டு. தாயைப் பொய்க்காரி என்று எழுத மாட்டேன் என்ற மனுஷன். நான் அவர் முகத்தைப் பார்க்கிறேன், அவர் சுவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முடிவு வக்கீலுக்கு வரும், கவலைப்படாதீங்கம்மா, இந்தத் தடவை சரியா இருக்கும் என்று அந்தப் பெண் வாசல் வரை வந்து சொல்கிறாள், அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது, கும்பிடு மட்டும் போடுகிறேன்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று தண்ணீர் குடிக்கிறார். சட்டையெல்லாம் நனைகிறது, நான் பாட்டிலை வாங்கிப் பிடித்துக் கொடுக்கிறேன். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. என்னை எப்போதிலிருந்து ஏமாற்றினாய் என்று அவரும் கேட்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு அந்தக் கட்டடத்தையே பார்க்கிறார்.

"நல்ல டாக்டரு. நம்ம புள்ளைய இந்தம்மாகிட்ட காட்டினா சரியாயிடும்."

"ஆமாங்க" என்கிறேன்.

"எதுவும் இல்லன்னு எழுத வெச்சுட்டேன், இனிமே முடியாதில்ல" என்கிறார்.